பிரெஞ்சுக்காரன் முந்தியிருந்தால்?

அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா என்பார்கள். நடக்காத காரியத்தைப் பற்றிப் பேசிப் பொழுதைக் கழிக்காதே என்பது அதன் பொருள். ஆனால் சில கேள்விகளை அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட முடிவதில்லை. "ஸ்பெயினுக்கும் போர்த்துகலுக்கும் முன்னாலேயே பிரெஞ்சுக்காரர்கள் கடல் கடந்து நாடு பிடிக்கக் கிளம்பியிருந்தால் உலகமே வேறு மாதிரி ஆகியிருக்கும். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று முழங்கிய நாடல்லவா அது?" என்று படித்தவர்கள் சிலர் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு டீக்கடை பெஞ்சுக்கும் வந்து சேருகிறது. எஜமானன் வேறாக இருந்திருந்தால் அடிமையின் கதியும் வேறாக இருந்திருக்கும் என்ற எண்ணம் அதற்குள்ளே ஒளிந்து கிடக்கிறது. ஆகவே அந்த மீசையைக் கொஞ்சம் இழுத்துத்தான் பார்ப்போமே!

பிரெஞ்சுக்காரன் பிந்தித்தான் புறப்பட்டான் என்பதே முதலில் முழு உண்மையல்ல. 1402ஆம் ஆண்டில், அதாவது கொலம்பஸ் கப்பலேறுவதற்கு 90 ஆண்டுகளுக்கு முன்னால், ழான் தெ பெத்தாங்கூர் என்ற நார்மண்டிப் பிரபு லா ரோஷேல் துறைமுகத்திலிருந்து புறப்பட்டான். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள கானரித் தீவுகளில் இறங்கி, லான்சரோட்டே என்ற தீவைப் பிடித்தான். அங்கே குடியிருந்த மக்களில் பலர் பிடிக்கப்பட்டு அடிமைகளாக விற்கப்பட்டார்கள். மேற்கொண்டு தீவுகளைப் பிடிக்க ஆளும் பணமும் வேண்டியிருந்தது. சொந்த நாட்டு மன்னனிடம் கேட்டிருக்கலாம். ஆனால் அன்றைய பிரெஞ்சு மன்னன் ஆறாம் சார்லஸ் சித்தம் கலங்கியவன். அவனுடைய சிற்றப்பனும் தம்பியும் கஜானாவைக் கைப்பற்ற அடித்துக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்தோடு நூறாண்டு யுத்தம் வேறு. பெத்தாங்கூர் காஸ்தில் மன்னனிடம் போய் மண்டியிட்டான். தீவுகள் ஸ்பெயினுக்குப் போய்ச் சேர்ந்தன.

இது சின்ன விஷயமல்ல. 1492இல் கொலம்பஸ் இந்தத் தீவுகளில்தான் தங்கிக் கப்பலைச் செப்பனிட்டு, தண்ணீர் ஏற்றி, மேற்கே போனான். மறு வருஷம் இரண்டாம் முறை போனபோது கரும்புக் கரணைகளையும் இங்கிருந்துதான் எடுத்துப் போனான். அந்தக் கரணைகள் என்ன செய்தன என்பதைப் பின்னால் பார்ப்போம். கொலம்பஸின் தம்பி பார்த்தலோமியோ பிரெஞ்சு அரசவை வாசலிலும் அண்ணனுக்காகக் காத்துக் கிடந்தவன்தான். பெத்தாங்கூருக்குப் பாரிஸ் கைகொடுத்திருந்தால் மேற்குக் கடலின் சாவி பிரெஞ்சு மன்னன் இடுப்பில் தொங்கியிருக்கும். நடக்கவே முடியாதது என்று இதைச் சொல்லிவிட முடியாது.

ஏன் நடக்கவில்லை? பிரான்சில் கடலைத் தெரிந்தவன் ஒருவன், கஜானாவை வைத்திருந்தவன் வேறொருவன். நார்மண்டி, பிரிட்டனி மீனவர்கள் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து நியூபவுண்ட்லாந்துக் கரையில் மீன் பிடித்து உப்பிட்டுக் கொண்டுவந்தார்கள். தியெப் துறைமுகத்துக் கப்பல்கள் 1529இல் சுமத்ரா வரை போயின. ஆனால் மன்னனும் பிரபுக்களும் 1494 முதல் 1559 வரை இத்தாலியைப் பிடிக்கிறோம் என்று சண்டை போட்டார்கள். 1525இல் மன்னன் முதலாம் பிரான்சுவாவே பாவியா போர்க்களத்தில் எதிரியிடம் சிறைப்பட்டான். பிறகு 1562 முதல் 1598 வரை கத்தோலிக்கருக்கும் புராடஸ்டண்டுகளுக்கும் உள்நாட்டு யுத்தம். இந்தச் சந்தடியில் நடந்த குடியேற்ற முயற்சிகள் ஒன்றும் உருப்படவில்லை. 1555இல் ரியோ டி ஜெனிரோவில் கோட்டை கட்டினார்கள். 1560இல் போர்த்துகீசியர் அதை இடித்தார்கள். 1564இல் புளோரிடாவில் இறங்கினார்கள். மறு வருஷமே ஸ்பானியர் வந்து வெட்டிச் சாய்த்தார்கள்.

கனடாவுக்குப் போன கார்த்தியேயின் கதை தனி. 1536இல் ஊர்த்தலைவன் தொன்னக்கோனாவையும் இன்னும் சிலரையும், மொத்தம் 10 பேரைப் பிடித்துக் கப்பலில் ஏற்றிப் பிரான்சுக்குக் கொண்டுபோனான். ஒரு சிறுமியைத் தவிர அத்தனை பேரும் அந்நிய மண்ணிலே செத்தார்கள். மறுமுறை போய்ப் பொன்னும் வைரமும் கண்டெடுத்தேன் என்று பீப்பாய் பீப்பாயாக அள்ளி வந்தான். சோதித்துப் பார்த்தால் ஒன்று மஞ்சள் கல், மற்றது வெறும் பளிங்கு. ஊர் சிரித்தது.

சரி, இதெல்லாம் நேராமல் பிரெஞ்சு மன்னன் முதலிலேயே அமெரிக்காவைப் பிடித்துவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். பொதோசி வெள்ளிச் சுரங்கம் ஸ்பெயினுக்குப் பதில் பிரான்சின் கைக்கு வந்துவிட்டது. பிறகு?

முந்திப் போனவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். பொதோசி வெள்ளி 1545இல் கிடைத்தது. மலையைக் குடைந்து சுமந்தவர்கள் கட்டாய வேலைக்கு முறைபோட்டு இழுத்து வரப்பட்ட பழங்குடி மக்கள். அந்த வெள்ளி ஸ்பெயின் மன்னனின் யுத்தங்களுக்கும், ஜெனோவா லேவாதேவிக்காரர்களுக்கும், அந்நியத் துணிமணிகளுக்கும் போய்த் தீர்ந்தது. 1557, 1575, 1596 என்று மூன்று முறை மன்னன் மஞ்சக் கடுதாசி கொடுத்தான். விலைவாசி ஒரு நூற்றாண்டில் மூன்று மடங்குக்கு மேல் ஏறிற்று. கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. போர்த்துகல் இன்னும் முந்தி, 1415லேயே ஆப்பிரிக்காவில் கால் வைத்தது. 560 வருஷங்கள் கழித்து, 1975இல் அங்கோலாவை விட்டுக் கிளம்பியபோதும் அது மேற்கு ஐரோப்பாவின் ஏழை நாடுகளில் ஒன்றாகவே இருந்தது. பிரான்சு மட்டும் வேறு வழியில் போயிருக்குமா? நிலவரி குடியானவன் தலையில், உப்பு வரியும் அவன் தலையில், பிரபுவுக்கு விலக்கு. நாலு காசு சேர்த்த வியாபாரி உத்தியோகத்தை விலைக்கு வாங்கி, நிலத்தை வாங்கி, தானும் பிரபு ஆகப் பார்க்கிறான். அப்படிப்பட்ட வீட்டில் வெள்ளி வந்து கொட்டியிருந்தால் இன்னும் நாலு அரண்மனை எழும்பியிருக்கும், இத்தாலியில் இன்னும் ஐந்து யுத்தம் நடந்திருக்கும்.

குடியேற ஆள் வேண்டாமா? 1700ஐ ஒட்டிப் பிரான்சின் ஜனத்தொகை சுமார் 2 கோடி. இங்கிலாந்தில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் 1763இல் கனடாவை இங்கிலாந்திடம் இழந்தபோது அங்கிருந்த பிரெஞ்சுக்காரர்கள் சுமார் 70,000 பேர்தான். பக்கத்திலே ஆங்கிலக் குடியேற்றங்களில் 15 லட்சத்துக்கும் மேல். ஆங்கிலேயன் பிறவியிலேயே கடலோடி என்பதல்ல காரணம். இங்கிலாந்தில் பிரபுக்கள் பொது நிலங்களை வேலியிட்டு வளைத்து, ஆடு மேய்க்கக் குடியானவனைத் துரத்தினார்கள். துரத்தப்பட்டவனுக்குக் கப்பல்தான் கதி. பிரெஞ்சுக் குடியானவனோ வரியில் நசுங்கினாலும் கையகலத் துண்டு நிலத்தை விடாமல் பற்றிக்கொண்டு கிடந்தான். அவனை யார் கனடாப் பனியில் கொண்டுபோய் விடுவது? நூறு வருஷம் முந்திக் கப்பல் விட்டிருந்தாலும் அவன் ஏறியிருக்க மாட்டான்.

ஆகவே பிறர் உழைப்பைத்தான் தேடியிருப்பார்கள். இங்கேதான் விஷயத்தின் உயிர்நிலை இருக்கிறது.

ஒரே பிரெஞ்சு மன்னன், ஒரே காலம், இரண்டு இடம். கனடாவில் பண்டம் பீவர் தோல். அதை வேட்டையாடிக் கொண்டுவரக் காட்டு மக்கள் உயிரோடு வேண்டும், நட்போடு வேண்டும். ஆகவே அங்கே பிரெஞ்சுக்காரன் அவர்கள் மொழியைக் கற்றான், பெண் எடுத்தான், 1701இல் மாண்ட்ரியலில் ஏறக்குறைய 40 பழங்குடி இனங்களோடு உட்கார்ந்து சமாதானம் பேசினான். கரீபியன் கடலில் பண்டம் சர்க்கரை. அங்கே அதே மன்னன் 1685இல் 'கறுப்புச் சட்டம்' போட்டான். ஓடிப்போய் ஒரு மாதம் மறைந்திருந்த அடிமைக்குக் காது அறுத்து, தோளில் சூடு. இரண்டாம் முறை ஓடினால் முழங்கால் நரம்பு அறுபடும். மூன்றாம் முறை மரணம். மன்னன் மாறவில்லை, மதம் மாறவில்லை. மாறியது பண்டமும் அதை விளைவிக்கும் முறையும்தான்.

கொலம்பஸ் கொண்டுபோன கரணைகள் ஊன்றப்பட்ட தீவின் மேற்குப் பகுதிதான் 1697இல் பிரான்சுக்கு வந்தது. சேன் தொமாங் என்று பெயர், இன்றைய ஹைத்தி. அங்கே இறக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் 7 லட்சத்துக்கும் மேல். ஆனால் 1789இல் உயிரோடு இருந்த அடிமைகள், அங்கேயே பிறந்தவர்களையும் சேர்த்து, சுமார் 5 லட்சம் பேர்தான். மில்லிலே வேலை செய்கிறவர்களுக்கு இதைச் சொன்னால் புரியும்: இரவு பகலாக ஓடிய அந்தக் கரும்பாலைகளில் உருளைக்குப் பக்கத்தில் கோடாரி ஒன்று தயாராக வைத்திருப்பார்களாம். தூக்கக் கலக்கத்தில் ஒருவன் கை உருளையில் சிக்கினால் ஆலையை நிறுத்த நேரமில்லை, கையை வெட்டி எடுத்துவிடுவார்கள். அறுவடைக் காலத்தில் கழனியில் பொழுது விடிவதும் பொழுது சாய்வதும் தெரியாமல் நிற்கும் விவசாயத் தொழிலாளிக்கும் இது விளங்கும்.

பிரெஞ்சுக்காரன் முந்தியிருந்தால் இந்தக் கொடுமை முந்தித் தொடங்கியிருக்கும். அவ்வளவே. இதற்குப் பிரேசில் சாட்சி. 1555இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடிக்கப் பார்த்துத் தோற்ற நாடு அது. வென்ற போர்த்துகீசியன் அங்கே 16ஆம் நூற்றாண்டிலேயே கரும்பு போட்டான். மூன்று நூற்றாண்டுகளில் 50 லட்சத்தை நெருங்கும் ஆப்பிரிக்கர்களைக் கொண்டுபோய் இறக்கினான். அடிமை முறை அங்கே ஒழிந்தது 1888இல். அன்றைக்குப் பிரெஞ்சுக்காரன் வென்றிருந்தால் கணக்குப்பிள்ளை பிரெஞ்சில் எழுதியிருப்பான்.

"சுதந்திரம், சமத்துவம்?" என்று கேட்கிறார்களே, அதுவும் வேடிக்கைதான். 1789இல் பதினாறாம் லூயி மன்னன் பிரதிநிதிகள் சபையைக் கூட்டியது எதனால்? கஜானா காலி, கடன் கழுத்தை நெரித்தது. பொதோசி வெள்ளி வருஷா வருஷம் வந்து இறங்கியிருந்தால் அவன் எந்தச் சபையைக் கூட்டியிருப்பான்? முந்திக் கிளம்பிய பிரான்சு சுதந்திர முழக்கமே எழுப்பாத பிரான்சாகக்கூட இருந்திருக்கலாம்.

எழுப்பிய முழக்கமாவது கடல் கடந்ததா? 1791 ஆகஸ்டில் சேன் தொமாங் அடிமைகளே எழுந்து தோட்டங்களைக் கொளுத்திய பிறகுதான், 1794இல் பாரிஸ் அடிமை முறையை ரத்துச் செய்தது. 1802இல் நெப்போலியன் அதைத் திரும்பவும் கொண்டுவந்தான். தன் தங்கை கணவனைப் பட்டாளத்தோடு அனுப்பினான். தலைவர் துசேன் லூவெர்த்யூரை வஞ்சகமாகப் பிடித்துப் பிரான்சின் மலைக்கோட்டையில் அடைத்தார்கள். 1803இல் அங்கேயே மாண்டார். ஆனாலும் அந்த மக்கள் பட்டாளத்தை முறியடித்து, 1804 ஜனவரி 1 அன்று சுதந்திர நாடு கண்டார்கள். 1825இல் பிரெஞ்சு மன்னன் போர்க்கப்பல்களை அனுப்பி நஷ்ட ஈடு கேட்டான்: 15 கோடி பிராங்க்! எதற்கு நஷ்ட ஈடு? தோட்ட முதலாளிகள் இழந்த சொத்துக்கு. சொத்து என்றால் அந்த மனிதர்களின் உடம்பும் சேர்த்துத்தான். 1838இல் மொத்தத் தொகையை 9 கோடியாகக் குறைத்தார்கள். அதைக் கட்டப் பிரெஞ்சு பாங்கிகளிடமே கடன் வாங்க வேண்டியிருந்தது. கடன்மேல் கடனாக அது தீர்ந்தது 1947இல்.

நமது கரையிலும் இதன் நிழல் விழுந்தது. பிரெஞ்சுக் கம்பெனி 1664இல், ஆங்கிலக் கம்பெனிக்கு 64 ஆண்டுகள் பிந்தித்தான் தோன்றியது. 1674இல் புதுச்சேரியில் ஊன்றியது. பிந்தி வந்தவனாயிற்றே என்று அடக்கமாக இருந்தானா? 18ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையிலிருந்து நம்மவர்களையும் அடிமைகளாக மொரீஷியசுக்கு ஏற்றினார்கள். 1848இல் அடிமை முறை ஒழிந்ததும், புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை 1853 முதல் மார்த்தினிக்குக்கும், 1854 முதல் குவாதலூப்புக்கும் அனுப்பினார்கள். கரும்புக் காடு அதேதான். வெட்டுகிற கை மட்டும் தமிழன் கையாயிற்று.

1936ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஜூன் மாதம் பிரான்சில் மக்கள் முன்னணி சர்க்கார் அமைந்தது. அங்கே தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து போராடி, வாரத்துக்கு 40 மணி நேர வேலையும் சம்பளத்தோடு விடுமுறையும் பெற்றார்கள். அடுத்த மாதம், ஜூலை 30ஆம் தேதி, அதே கொடியின் கீழே புதுச்சேரி சவானா மில் தொழிலாளர்கள் உரிமை கேட்டுப் போராடியபோது துப்பாக்கி வெடித்தது. 12 தொழிலாளிகள் மாண்டார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் விடுமுறை, இந்தப் பக்கம் குண்டு.

தோழர் வ. சுப்பையா தலைமையில் தொழிலாளர்கள் பின்வாங்கவில்லை. 1937இல் 8 மணி நேர வேலை புதுச்சேரியில் சட்டமாயிற்று. அப்போது எல்லைக்கு இந்தப் பக்கம், பிரிட்டிஷ் ஆட்சியில், 1934ஆம் வருஷத்துச் சட்டப்படி மில் தொழிலாளிக்கு நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி. அது 48 மணியாக இறங்க 1946 ஆயிற்று. "பார்த்தீர்களா, பிரெஞ்சு ஆட்சியின் பெருமையை!" என்று இதையும் எடுத்து வீசுவார்கள். வீசட்டும். அந்தச் சட்டத்துக்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்று புதுச்சேரித் தொழிலாளி குடும்பங்களில் கேட்டால் சொல்வார்கள். அந்த மில்களின் சங்கு இன்று ஊதுவதில்லை. ஜூலை 30 வந்தால் மட்டும் தொழிலாளர்கள் கொடியோடு போய் அந்தப் பன்னிரண்டு பேருக்கும் மாலை போட்டுவிட்டு வருகிறார்கள்.