வெள்ளத்திற்கு முன்னே வரட்டும் முரசு!



மணிமேகலைக் காப்பியத்தின் முதற் காதைக்கு விழாவறை காதை என்று பெயர். புகார் நகரிலே இந்திர விழா நடைபெறப் போகிறது. யானையின் பிடரியில் முரசை ஏற்றி, முதுகுடிப் பிறந்த ஒருவன் வீதி வீதியாகச் செல்கிறான். மழை வளம் குன்றாதிருக்கட்டும், ஆள்வோன் நெறி பிறழாதிருக்கட்டும் என்று முதலில் வாழ்த்துகிறான். பிறகு ஊராருக்கு உரிய வேலையைச் சொல்கிறான். தெருவிலே கிடக்கும் பழைய மணலை அள்ளி அப்புறப்படுத்திப் புதுமணல் கொட்டுங்கள் என்கிறான். மாற்றாரைக் கண்டால் பூசலிடாமல் விலகிச் செல்லுங்கள் என்கிறான். விழா 28 நாள் நடக்கும் என்றும் கூறுகிறான்.

இலக்கியச் சுவைக்காக மட்டும் இதனைப் படித்துவிட்டு நகர்ந்து விடுகிறோம். நகராட்சிக் கண்ணோடு படித்துப் பாருங்கள். என்ன நடக்கப்போகிறது, எப்போது நடக்கப்போகிறது, யார் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றையும் முன்கூட்டியே, கேட்போர்க்குப் புரியும்படி, தெருவுக்கே சென்று கூறுகின்ற அறிவிப்பு அது. அதே காப்பியத்தில், பின்னொரு காலத்தில் மன்னன் தன் மகனை இழந்த துயரிலே மூழ்கி விழாவை மறந்தான் என்றும், புகாரைக் கடல் கொண்டது என்றும் வருகிறது. தெய்வத்தின் சாபம் என்பது காப்பியத்தின் கற்பனை. சாபத்தை நாம் நம்பவேண்டியதில்லை. ஆனால், ஆள்வோர் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்திலே சொல்லத் தவறினால் ஊர் நீரில் மூழ்கும் என்பதை நம்பாமல் இருக்க முடியுமா? தாம்பரத்தில் வாழ்கின்ற எவராலும் முடியாது!

கார் கழிந்து கூதிர் புகும் நாட்களில் மாநகராட்சியின் அறிவிப்புகள் அடுக்கடுக்காக வெளிவருவது வழக்கம். மழைநீர்க் கால்வாய்த் தூர்வாரும் பணி பற்றி ஒன்று. நிவாரண முகாம் பற்றி ஒன்று. மருத்துவ முகாம் பற்றி ஒன்று. குடிநீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி ஒன்று. அரையாண்டுச் சொத்துவரியைக் கட்டச் சொல்லி ஒன்று. சிறு செய்திகள்தாமே என்று நாளேட்டின் மூலையிலே அவை கிடக்கும். பெருந்தலைவர்களின் பேச்சுக்கு முதற் பக்கம்; மக்களின் உயிரைப் பற்றிய செய்திக்கு மூலை! அரசியல் கட்டுரைக்கென்று ஒதுக்கப்பட்ட இந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தை அந்த மூலைச் செய்திக்கே இன்று தருகிறோம். ஏனெனில், அதைவிடப் பெரிய அரசியல் இந்தப் பருவத்திலே நமக்கு இல்லை.

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்னும் ஐந்து நகராட்சிகளும், சிட்லப்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்னும் ஐந்து பேரூராட்சிகளும் 2021 நவம்பரில் ஒன்றாக்கப்பட்டுத் தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. பிறந்த மாதத்திலேயே பெருமழை வந்து அந்தப் பச்சிளங் குழந்தையைப் பரிசோதித்தது. 70 வார்டுகள், 5 மண்டலங்கள். 2022 பிப்ரவரி 19 அன்று முதல் தேர்தல்.

இந்த நகரின் நிலத்தைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே விழும் மழை இரண்டு திசையில் ஓடுகிறது. மேற்கே விழுவது அடையாற்றைத் தேடி ஓடுகிறது. கிழக்கே விழுவது சேலையூர், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி கைமாறிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலே போய்ச் சேர்கிறது. 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்று உலகப் புகழ் பெற்றதே, அந்தச் சதுப்பு நிலந்தான். முன்னோர் வெட்டிய ஏரிகள் ஒன்றுக்கொன்று உறவு. மேல் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாகக் கீழ் ஏரிக்குச் சேதி போகும். மனிதன் சொல்லாவிட்டாலும் தண்ணீர் சொல்லும்! வாய்க்காலை அடைத்து வீட்டுமனை போட்டோம். ஏரியின் வாயை மூடினோம். அதனால் தண்ணீர் இப்போது நேராக நம் படுக்கையறைக்கே வந்து சேதி சொல்கிறது.

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். இந்த எண்ணைக் கேட்டுத் தலையசைத்துவிட்டுப் போய்விடுகிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிரவுண்டு மனை 2,400 சதுர அடி. அந்த ஒரே மனையின் மீது அந்த ஒரே நாளில் விழுந்த நீர் ஏறத்தாழ 1 லட்சத்து 9 ஆயிரம் லிட்டர்! 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் ஒன்பதைக் கொண்டுவந்து ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கவிழ்த்தாற் போன்றது அது. கோடையிலே ஒரு லாரித் தண்ணீருக்காக நாட்கணக்கில் காத்துக் கிடந்த அதே வாசலிலே!

அந்த நாளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் செம்பரம்பாக்கம் ஏரி என்ற பெயர் வருகிறது. விநாடிக்கு 29,000 கன அடி வரையில் அன்று அங்கிருந்து நீர் திறக்கப்பட்டது. திறந்த முறை சரியா, திறக்குமுன் மக்களுக்குச் சொல்லியது போதுமா என்ற கேள்விகள் எழுந்தன. இது மனிதனால் விளைந்த பேரிடர் என்று இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை கூறிற்று. 2018-இல் அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது.

ஆனால் தோழர்களே, முடிச்சூரையும் வரதராசபுரத்தையும் மூழ்கடித்தது செம்பரம்பாக்கம் அன்று. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் வந்து கலப்பது திருநீர்மலைக்கு அருகே. முடிச்சூரோ அதற்கு மேலே இருக்கிறது. ஆதனூர், மண்ணிவாக்கம் முதலிய மேற்புறத்து ஏரிகள் நிறைந்து வழிந்த நீரே அங்கே வீடுகளுக்குள் புகுந்தது. செம்பரம்பாக்கத்தின் மதகைத் திறக்கப் போகிறோம் என்று எத்தனை முறை அறிவித்தாலும், அதனால் முடிச்சூர்க்காரருக்கு என்ன பயன்? அவருக்கு வேண்டியது ஆதனூர் ஏரியைப் பற்றிய செய்தி. பெரிய ஏரிக்குப் பெரிய அறிவிப்பு இருக்கிறது. சிறிய ஏரியின் கலங்கல் வழிகிறது என்பதை யார் சொல்வது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அதே பகுதியில் நீர் சூழ்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஆற்றை அகலப்படுத்தும் பணி நடந்தது உண்மை. கரையை உயர்த்தினால் மட்டும் போதாது, காதுக்குச் செய்தியும் எட்ட வேண்டும் என்பது அதனினும் பெரிய உண்மை.

எல்லைக் கோடுகள் இன்னொரு இடையூறு. மாநகராட்சி அமைந்தபோது முடிச்சூர் ஊராட்சியாகவே வெளியே நின்றது. வரதராசபுரம் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குரியது. தாம்பரம் செங்கற்பட்டு மாவட்டத்துக்குரியது. ஏரி ஒரு துறையின் பொறுப்பு, தெருக் கால்வாய் இன்னொரு துறையின் பொறுப்பு, நெடுஞ்சாலைக் கல்வெட்டுப் பாலம் மற்றொரு துறையின் பொறுப்பு. கோப்புகள் எல்லைக் கல்லருகே நின்று அனுமதி கேட்கும், வெள்ளம் கேட்குமா? எனவே, அடையாற்றுப் படுகை முழுவதற்கும் ஒரே எச்சரிக்கை, ஒரே குரல் வேண்டும் என்பது நம் முதற் கோரிக்கை.

இரண்டாவது கோரிக்கை, அறிவிப்பின் மொழி பற்றியது. வானிலைத் துறையினர் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வண்ணம் காட்டுகின்றனர். 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை கனமழை. 12 முதல் 20 வரை மிகக் கனமழை. அதற்கு மேல் அதிகனமழை. அறிவியல் தன் கடமையைச் செய்துவிட்டது. ஆனால், கணவனை இழந்து இரண்டு குழந்தைகளோடு தாழ்ந்த தரையிலே குடியிருக்கும் ஒரு தாய், ஆரஞ்சு என்றால் என்ன செய்வாள்? குடும்ப அட்டையையும் பள்ளிச் சான்றிதழையும் பரண்மேல் வைப்பதா? அரிசியைக் கட்டுவதா? இரவே கிளம்புவதா, விடியட்டும் என்று இருப்பதா? கிளம்பினால் எந்தப் பள்ளிக்கூடம்? அங்கே பெண்களுக்குக் கழிப்பிடம் உண்டா? பால் கிடைக்குமா? வண்ணத்தை வீதியின் மொழிக்கு மாற்றித் தருவதுதான் மாநகராட்சியின் வேலை. எந்தத் தெருவில் எந்த அளவு மழைக்கு எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பது 2015-லிருந்து பட்டறிந்த மக்களுக்கு மனப்பாடம். அந்த மனப்பாடத்தை ஏட்டிலே ஏற்றி, தெருவுக்குத் தெரு பலகை வைத்தால் என்ன?

வரி கேட்கும் அறிவிப்பு வீட்டு எண் தவறாமல் வந்து சேர்கிறது. குறித்த நாளுக்குள் கட்டினால் ஊக்கத்தொகை என்கிறது. தவறினால் வட்டி என்கிறது. தவறில்லை, வரியின்றி நகரம் நடவாது. வாங்குவதற்கு வீட்டு எண் தெரிகிற கைக்கு, காப்பதற்கும் அதே வீட்டு எண் தெரிய வேண்டாமா என்றுதான் கேட்கிறோம்.

அறிவிப்பைச் சொல்லும் வாயைப் பற்றியும் சிந்திப்போம். முரசும் பறையும் முழங்கிய நாட்டிலே, பிற்காலத்தில் தண்டோராப் போடும் வேலை சில சாதிகளின் தலையிலே கட்டப்பட்டது. ஊர் முழுவதற்கும் செய்தி சொன்னவனுக்கு ஊருக்குள் குடியிருக்க இடமில்லை. ஊர்ச்சபையிலே உட்கார உரிமையில்லை. அந்த வழக்கத்தை நிறுத்தி, வண்டிகளில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் ஆணை அனுப்பினார். அதே ஆண்டு மார்ச்சில், பட்டியலினப் பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட தாம்பரம் மேயர் இருக்கையில் வசந்தகுமாரி கமலக்கண்ணன் முதல் மேயராக அமர்ந்தார். செய்தியைச் சுமக்க மட்டுமே விதிக்கப்பட்டிருந்த மக்கள், செய்தியைத் தீர்மானிக்கும் இடத்திற்கு வந்தனர். மக்களாட்சியின் பொருளே இதுதான். ஆனால், தண்டோரா நின்ற இடத்தில் ஒலிபெருக்கி உண்மையிலேயே ஒலிக்கிறதா, அல்லது கைப்பேசியில் ஒரு வரி அனுப்பியதோடு கடமை முடிந்ததா? மின்சாரம் நின்று, கைப்பேசி அணைந்து, கோபுரங்களும் ஊமையாகும் இரவிலேதானே வெள்ளம் வருகிறது!

உத்தரமேரூர் நமக்குத் தொலைவில் இல்லை. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட அவ்வூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்றொரு குழுவைப் பற்றிப் பேசுகின்றன. குடவோலையிலே உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தனர். கணக்குக் காட்டாதவரை விலக்கி வைத்தனர். அது வேதம் கற்ற, நிலம் உடைய ஆடவரின் சபை. ஏரியை வெட்டியவனுக்கு அதில் ஓலை கிடையாது என்பதையும் மறவோம். இன்று எல்லார்க்கும் ஓலை உண்டு. ஆனால் ஏரி வாரியம் எங்கே?

அதற்கு இடம் தரக்கூடிய ஓர் ஏற்பாடு இருக்கிறது. கிராம சபையைப் போலவே நகரத்திலும் மக்கள் கூடிப் பேச வேண்டும் என்ற நோக்கில் பகுதி சபைகள் ஏற்பட்டன. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் நேரில் வந்து கலந்துகொண்ட பகுதி சபைக் கூட்டம் நம் பம்மலிலேதான் நடந்தது. விளக்கு ஏற்றப்பட்டுவிட்டது, எண்ணெய் ஊற்ற வேண்டியவர் யார்? மழைக்கு முன்னும் மழைக்குப் பின்னும் ஒவ்வொரு வார்டிலும் சபை கூட வேண்டும். எந்தக் கால்வாய் தூர்வாரப்பட்டது, எது விடுபட்டது, எவ்வளவு செலவு என்ற கணக்கு அங்கே வாய்விட்டுப் படிக்கப்பட வேண்டும். இது மூன்றாவது கோரிக்கை. 2019-ன் வறட்சியிலே சிட்லப்பாக்கத்து மக்கள் தாங்களே ஏரியில் இறங்கித் தூய்மைப்படுத்தினார்கள். அத்தகைய மக்களைக் கலந்து பேசாமல் ஒரு மாநகராட்சி என்ன பெரிதாகச் சாதித்துவிட முடியும்?

கடைசியாக, ஆற்றங்கரை ஏழைகளைப் பற்றி. 2025 மே மாதம், அனகாபுத்தூரில் அடையாற்றுக் கரையோர வீடுகள் ஆக்கிரமிப்பென்று இடிக்கப்பட்டன. ஆற்றுக்கு வழி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால், ஆற்றோரத்துக் குடிசைக்கு வருகிற இயந்திரம், ஏரிக்குள் எழுந்த மாளிகைக்கும் வருமா? வெள்ளத்தைத் தடுக்கும் செலவு முழுவதையும் ஏழையின் கணக்கிலேயே எழுதுவது நீதியாகுமா? அகற்றும் அறிவிப்பு ஒட்டப்படும் சுவரிலேயே மாற்று வீடு, அருகிலே பள்ளி, அருகிலே வேலை என்ற மறு அறிவிப்பும் இருக்க வேண்டும். இது நம் நான்காவது கோரிக்கை.

கோரிக்கை வைப்பதோடு நம் வேலை முடியவில்லை. தேர்தல் நேரத்திலே வாக்காளர் சீட்டை வீடு வீடாகக் கொடுக்கத் தெரிந்தவர்கள் நாம். எந்த வீட்டில் முதியவர் தனியே இருக்கிறார், எந்த வீட்டில் நிறைமாதப் பெண் இருக்கிறாள் என்பது கிளைத் தோழனுக்குத் தெரியாதா? அந்தப் பட்டியலை இப்போதே எழுதுங்கள். மழை எச்சரிக்கை வந்ததும் வட்டத்திலே கூடுங்கள்; தெருவைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள்; கதவைத் தட்டுங்கள். அந்த வீட்டுக்காரர் யாருக்கு வாக்களித்தார் என்று கேட்காதீர்கள். வெள்ளம் வடிந்த பிறகும் கடமை உண்டு. தேங்கிய நீரில் ஒரு வார அளவிலேயே கொசு வளர்ந்து சிறகு விரித்துவிடும். எனவே வாரம் ஒருமுறை தொட்டியையும் தொட்டிலடிச் சிரட்டையையும் கவிழ்க்கச் சொல்லுங்கள். சேற்றிலே இறங்கும் தூய்மைப் பணியாளர்க்குக் காலுறையும் கையுறையும் வந்தனவா என்று பாருங்கள். வராவிடில் மண்டல அலுவலகத்தின் முன் குரல் எழுப்புங்கள்.

யானை மீது முரசேற்றிய காலம் போயிற்று. இன்று அந்த முரசு நம் கையில் இருக்கிறது. தண்ணீர் கணுக்காலைத் தொட்ட பிறகு ஒலிக்கும் முரசினால் ஒப்பாரிக்குத் தாளம் போடத்தான் முடியும். வானம் கறுக்கும்போதே ஒலிக்கட்டும்!