செருப்பு போதாது, எர்த் வேண்டும்

கேபினெட்டைத் தொட்டால் 'சுர்'ரென்கிறது என்று யாராவது சொன்னால் உடனே கிடைக்கும் யோசனை, "ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், காலுக்குக் கீழே பலகை போடுங்கள்" என்பதுதான். இதை நான் ஏற்கவில்லை.

ரப்பரும் உலர்ந்த மரமும் மின்சாரத்தைக் கடத்தாதவைதான். ஆனால் பலகை ஈரத்தை உறிஞ்சிவிட்டால் கடத்தத் தொடங்கும். சுத்தமான நீர் மிகக் குறைவாகவே கடத்தும். உப்புகள் கலந்த குழாய்த் தண்ணீரும் வியர்வையும் அப்படியல்ல. உலர்ந்த தோலுக்குப் பல ஆயிரம் ஓம் மின்தடை உண்டு. நனைந்தால் அது 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். செருப்பு போட்டிருந்தாலும், இன்னொரு கை ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் என்ன பயன்?

இந்த 'சுர்' எங்கிருந்து வருகிறது? எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக, பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட்டுக்குச் சிறிய கெப்பாசிட்டர்கள் இணைக்கப்பட்டிருக்கும். எர்த் இருந்தால் இந்தக் கசிவு பூமிக்குப் போய்விடும். இல்லையென்றால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி கேபினெட்டில் வந்து நிற்கும். கசியும் மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் உங்கள் வீட்டில் எர்த் வேலை செய்யவில்லை என்பதற்கு அதுவே எச்சரிக்கை. நாளை உள்ளே ஒரு வயரின் உறை கிழிந்து கேபினெட்டைத் தொட்டால், முழு 230 வோல்ட்டும் உங்கள் கைக்குக் காத்திருக்கும். நல்ல எர்த் இருந்தால் அந்த நொடியே அதிக மின்சாரம் அதன் வழியே பாய்ந்து, ப்யூஸ் போய்விடும் அல்லது எம்.சி.பி. விழுந்துவிடும்.

நம் ஊர் மூன்று பின் ப்ளக்கில் எர்த் பின் மட்டும் நீளமாகவும் தடிமனாகவும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மற்ற இரண்டுக்கும் முன்பாக அது இணைய வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நீளம். அதை உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் செருகுவது பெரிய தவறு. அதைவிட மோசமானது, சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவது. எங்காவது நியூட்ரல் அறுந்தால், கேபினெட்டே 'லைவ்' ஆகிவிடும்.

யு.பி.எஸ்.ஸுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறோம். அதற்கு முன் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் பொருத்திக்கொள்ளுங்கள். கசிவு அந்த அளவை எட்டினால் அது இணைப்பைத் துண்டித்துவிடும். கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். அதைத் தொடுவது உங்கள் வீட்டுக் குழந்தையின் கை.