அத்திப்பட்டு வரை வந்த பாதைக்கு யார் கணக்குச் சொல்வது?

2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் ஒரே விழாவில் சென்னைப் பகுதிக்கான இரண்டு ரயில் திட்டங்களைப் பிரதமர் தொடங்கிவைத்தார். ஒன்று, வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்ட மெட்ரோ: சுமார் 9 கிலோமீட்டர், 3,770 கோடி ரூபாய். இன்னொன்று, சென்னைக் கடற்கரையிலிருந்து அத்திப்பட்டு வரை போடப்பட்ட நான்காவது ரயில் பாதை: 22.1 கிலோமீட்டர், 293.40 கோடி ரூபாய். சென்னைத் துறைமுகத்தின் சரக்கு நெரிசல் குறையும், சென்னை, எண்ணூர் ஆகிய இரண்டு துறைமுகங்களும் இணையும், ரயில்களை இயக்குவது எளிதாகும் என்று நான்காவது பாதைக்கு அன்று காரணம் சொன்னார்கள். காரணத்தில் குறை காண ஒன்றுமில்லை. துறைமுகம், அனல்மின் நிலையங்கள், எண்ணெய் நிறுவனங்களின் முனையங்கள் என நாட்டுக்கு வேண்டிய பலவும் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. ஆனால் அதே தடத்தில் நாள்தோறும் வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு அந்தப் பாதையால் எத்தனை ரயில் கூடியது, எத்தனை நிமிடத் தாமதம் குறைந்தது என்ற கேள்விக்கு இன்றுவரை எந்த அலுவலகமும் பொதுவெளியில் பதில் வைக்கவில்லை. பதில் சொல்லியாக வேண்டும் என்ற கடமை எந்த அலுவலகத்துக்கும் இல்லை என்பதுதான் இதில் பெரிய குறை.

விம்கோ நகரோடு மெட்ரோ முடிந்துவிடுகிறது. அதற்கு வடக்கே கத்திவாக்கம், எண்ணூர், அத்திப்பட்டு புதுநகர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர், பொன்னேரி என்று கும்மிடிப்பூண்டி வரையுள்ள ஊர்களுக்கு மின்சார ரயில்தான் உயிர்நாடி. நான்காவது பாதை அத்திப்பட்டோடு நின்றது. அதைத் தாண்டியதும் லோக்கல் ரயில், விஜயவாடா வழியாக டெல்லிக்கும் ஹவுராவுக்கும் ஓடும் விரைவு ரயில்களோடும் சரக்கு ரயில்களோடும் தண்டவாளத்தைப் பங்குபோட்டுக்கொள்கிறது. எதற்கு முதலில் வழிவிடுவது என்பது கட்டுப்பாட்டு அறையில் முடிவாகிறது. விரைவு ரயில் தாமதமாக வந்தால் லோக்கலை ஓரங்கட்டி அதற்கு வழிவிடுவார்கள். பெட்டியில் நெருக்கியடித்து நிற்பவர்களுக்கு எதற்காக நிற்கிறோம் என்றுகூடத் தெரியாது. அனல்மின் நிலையத்துக்கோ சிப்காட் ஆலைக்கோ போகும் ஒப்பந்தத் தொழிலாளி இருபது நிமிடம் தாமதமாகக் கேட்டுக்குப் போனால், ரயில் நின்ற கதையை அங்கே யாரும் காதுகொடுத்துக் கேட்பதில்லை. மீஞ்சூரிலும் பொன்னேரியிலும் பயணிகள் தண்டவாளத்தில் இறங்கி மறியல் செய்த செய்திகளைப் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறோம். ஒழுங்காக முறையிட ஓர் இடம் இருந்திருந்தால் தண்டவாளம் முறையீட்டு மன்றமாக மாறியிருக்காது.

பணத்தின் மீது கண்காணிப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ரயில்வேக்கு நாடாளுமன்ற நிலைக்குழு உண்டு. பொதுக் கணக்குக் குழு உண்டு. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் உண்டு. தணிக்கையாளர் உற்றுப் பார்த்தால் என்ன வெளியே வரும் என்பதற்கு 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தடம்புரளல் பற்றிய அறிக்கையே சாட்சி. ரயில் பாதுகாப்புக்கென்று 2017-18இல் ஒரு லட்சம் கோடி ரூபாய் இலக்கோடு தனி நிதியம் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு 5,000 கோடி ரூபாயை ரயில்வே தன் வருவாயிலிருந்து போட வேண்டும் என்பது ஏற்பாடு. நான்கு ஆண்டுகளில் வந்திருக்க வேண்டிய 20,000 கோடியில் 15,775 கோடி வரவே இல்லை என்று தணிக்கை காட்டியது. அந்த நிதியத்தின் பணத்தில் கால்பிடிக்கும் கருவியும் பாத்திரபண்டங்களும் வாங்கப்பட்டிருந்ததையும் அது எடுத்துச் சொன்னது. ஆனால் இது செலவு முடிந்து ஆண்டுகள் கழித்து வரும் கணக்கு. அதுவும் நாடு முழுமைக்குமான கணக்கு. கும்மிடிப்பூண்டித் தடத்தில் போன மாதம் எத்தனை ரயில் நேரத்துக்கு ஓடியது என்பது அதில் கிடைக்காது. மெட்ரோ நிறுவனம் மாதந்தோறும் பயணிகள் எண்ணிக்கையை வெளியிடுகிறது. அதைவிட மிகக் குறைந்த கட்டணத்தில் உழைப்பாளிகளைச் சுமக்கும் புறநகர் ரயிலுக்குத் தடம் வாரியாக அப்படி ஒரு மாதக் கணக்கு மக்கள் முன் வருவதில்லை.

இந்த இடைவெளியை அடைக்க வேண்டிய அமைப்பு ஏட்டில் இருக்கிறது. பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்ப்பதற்கென்று சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டது. கும்டா என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தக் குழுமத்தின் முதல் கூட்டம் முதலமைச்சர் தலைமையில் 2022 நவம்பரில்தான் நடந்தது. பன்னிரண்டு ஆண்டுகள். சட்டம் போடுவதில் காட்டிய அக்கறையை அதை நடைமுறைப்படுத்துவதில் எந்த ஆட்சியும் காட்டவில்லை. பிறகு வேலை நகர்ந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் பயணச்சீட்டு 2025 செப்டம்பரில் வந்தது. நல்ல வசதி. ஆனால் சீட்டை ஒன்றாக்கிய குழுமம் பொறுப்பை இன்னும் ஒன்றாக்கவில்லை. மாநிலச் சட்டத்தால் பிறந்த கும்டாவால் ரயில்வேயோடு கலந்து பேச முடியும்; கணக்குக் கேட்க முடியாது.

ரயில்வே ஒன்றிய அரசின் அதிகாரப் பட்டியலில் இருக்கிறது, மாநிலக் குழுமம் அதை எப்படிக் கேள்வி கேட்கும் என்பது முதல் ஆட்சேபம். சட்டப்படி அது சரி. ஆனால் ஒப்பந்தத்தால் முடியும். மும்பையில் 1999இல் தொடங்கப்பட்ட ரயில் வளர்ச்சிக் கழகத்தில் ரயில்வேக்கு 51 விழுக்காடு, மகாராஷ்டிர அரசுக்கு 49 விழுக்காடு பங்கு. மாநிலம் பணம் போடுகிறது, மேசையில் அமர்கிறது. லண்டனில் தண்டவாளம் தேசிய அமைப்பிடம் இருக்கும்போதே, சீரழிந்து கிடந்த சில புறநகர்த் தடங்களின் சேவையை 2007இல் நகரப் போக்குவரத்து ஆணையம் ஏற்றுக்கொண்டது. எத்தனை நிமிடத்துக்கு ஒரு ரயில் என்பதை ஆணையம் வகுத்தது. நகரின் தேர்ந்தெடுக்கப்பட்ட அவை அந்த ஆணையத்தைக் கேள்வி கேட்கிறது. தண்டவாளத்தின் உரிமை ஓரிடத்திலும் சேவையின் பொறுப்பு வேறிடத்திலும் இருக்கலாம் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

நடத்துபவரே தன்னைச் சோதித்துக்கொள்ளக் கூடாது என்ற நெறியை இந்திய ரயில்வேயே பாதுகாப்பு விஷயத்தில் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை; விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். 2024 அக்டோபர் 11 இரவு இதே கும்மிடிப்பூண்டித் தடத்தில் உள்ள கவரைப்பேட்டையில், மெயின் லைனில் போக வேண்டிய பாக்மதி விரைவு ரயில் லூப் லைனில் புகுந்து நின்றிருந்த சரக்கு ரயில் மீது மோதியபோது, விசாரிக்க வந்தது அந்த ஆணையர்தான். உயிர் பற்றிய கேள்விக்கு வெளியார் ஒருவர் வேண்டும் என்று ஒப்புக்கொண்ட பிறகு, பணத்தையும் சேவையையும் பற்றிய கேள்விக்கு மட்டும் துறையின் சொல்லே போதும் என்பது பொருந்தாது.

லோக்கல் ரயில் நட்டத்தில் ஓடுகிறது, ஐந்து ரூபாயில் தொடங்கும் கட்டணத்தில் இதற்கு மேல் என்ன எதிர்பார்ப்பது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பயணச் செலவில் 57 விழுக்காட்டைத்தான் சராசரியாக வசூலிக்கிறோம் என்று ரயில்வே பயணச்சீட்டிலேயே அச்சடித்துக் கொடுத்ததுண்டு. மீதியை ஈடுகட்டுவது சரக்குக் கட்டணமும் பொதுப் பணமும். அப்படியானால் கணக்குக் கேட்கும் உரிமை கூடுகிறதே தவிரக் குறையவில்லை. மாநகரப் பேருந்தில் மகளிர் கட்டணமில்லாப் பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 மே மாதம் தொடங்கிய அந்தத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழு ஆய்வு செய்து சொன்னது. மானியத்தின் பயன் இன்னது என்று அளந்து சொன்னதால்தான் இலவசம் என்று இகழ்ந்தவர்களுக்குப் பதில் சொல்ல முடிந்தது. அதே அளவுகோலை ரயிலுக்கும் வைக்கச் சொல்வதில் தவறென்ன?

கண்காணிப்பு கூடினால் வேலை தடைபடும் என்ற அச்சத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். அனுமதிக்கு மேல் அனுமதி கேட்கும் கண்காணிப்பு நிச்சயம் தடைதான். ஆனால் வேளச்சேரிக்கும் பரங்கிமலைக்கும் இடையிலான ஐந்து கிலோமீட்டர் பறக்கும் ரயில் வேலை 2008இல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் இழுத்தது தணிக்கையாளரால் அல்ல. கடைசிச் சில நூறு மீட்டர் நில எடுப்புச் சிக்கலால். இங்கே கேட்பது புதிய அனுமதியை அல்ல, அறிவிப்பை. கும்மிடிப்பூண்டித் தடத்தில் மாதந்தோறும் ஓடிய ரயில், ரத்தான ரயில், பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமான ரயில், அத்திப்பட்டுக்கு வடக்கே சரக்குக்கும் விரைவு ரயிலுக்கும் லோக்கலுக்கும் நெரிசல் நேரத்தில் ஒதுக்கிய நேரப்பங்கு, இவற்றைத் தெற்கு ரயில்வே கும்டாவிடம் தர வேண்டும். கும்டா அதை ஆண்டறிக்கையாகச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். உண்மையிலேயே தடத்தில் இடமில்லை என்றால் அந்த அறிக்கையே அதை நிரூபிக்கும். அத்திப்பட்டுக்கு அப்பால் கூடுதல் பாதை கேட்க அதைவிட வலுவான ஆவணம் தமிழ்நாட்டு எம்.பி.க்களுக்குக் கிடைக்காது. இதற்காகப் புதிதாக எதையும் எண்ண வேண்டியதில்லை. ஒவ்வொரு ரயிலும் ஒவ்வொரு நிலையத்தைக் கடந்த நிமிடம் கட்டுப்பாட்டு அறையில் இன்றும் பதிவாகிக்கொண்டுதான் இருக்கிறது.