கரகரப்பு இசைத்தட்டின் குரலல்ல

பழைய இசைத்தட்டென்றால் கரகரக்கத்தான் வேண்டும், அதுவே அதன் அழகு என்கிறார்கள், கிருலப்பனைக்கு என்னைத் தேடிவரும் இளைஞர்கள். இதைவிட அபத்தம் வேறில்லை. அழகென்று அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி நமது அலட்சியத்தின் ஓசை.

தட்டை வெட்டிய கருவி நேர்கோட்டில் நகர்ந்தது. நம் கருவியின் கையோ வில்போல் வளைந்து செல்கிறது. ஆகவே முள் பள்ளத்தின் திசையோடு சரியாக ஒன்றுவது இரண்டே இடங்களில். மையத்திலிருந்து 66, 121 மில்லிமீற்றர் தூரங்களில் அவற்றை அமைப்பது பரவலான முறை. அப்புள்ளிகளைக் குறித்த அச்சுத்தாளும் ஒரு சிறு தராசும் போதும்.

இன்றைய முட்கள் பலவற்றுக்குரிய பாரம் 1.5 முதல் 2.5 கிராம் வரை. பாரத்தை மேலும் குறைத்தால் தட்டுத் தப்பும் என்பதும் மூடநம்பிக்கையே. துள்ளும் முள்தான் பள்ளச் சுவரைச் சிதைக்கும். 78 சுழற்சித் தட்டின் அகன்ற பள்ளத்திலோ, நீள்தட்டு முள் அடியில் உரசி இரைச்சலையே பொறுக்கும்.

1925இல் கொழும்பில் ஒலிபரப்பைத் தொடங்கிய இலங்கை வானொலி, நம் செவிகளை இசைத்தட்டுகளால் வளர்த்தது. அக்காலத் தட்டுகள் சில இன்றும் நம் வீடுகளில் உண்டு. மறுபதிப்புக் காணாத தட்டைத் தவறாக அமைந்த கை ஒவ்வொரு முறையும் சிறிது அழிக்கிறது, அழிந்தது மீளாது. ஏக்கப் பெருமூச்சுப் போதும். தராசை எடுங்கள்.