குப்பைமேட்டுக்குக் குடி அனுப்புமுன் கணக்கைக் காட்டுங்கள்!

காற்றுக்குச் சாதியில்லை, மதமில்லை, மொழியில்லை என்று மேடைகளில் பேசக் கேட்டிருக்கிறோம். உண்மைதான். ஆனால் அந்தக் காற்றில் கலக்கும் நஞ்சுக்கு முகவரி உண்டு. மும்பையில் அது பெரும்பாலும் உழைக்கும் மக்களின் முகவரியாகவே இருந்து வருகிறது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் பக்கத்தில் மாகுல். குப்பை மலையின் அடியில் தேவ்நாரும் கோவண்டியும். இந்தப் பட்டியலில் இப்போது தாராவி மக்களையும் சேர்க்கப் பார்க்கிறார்கள்.

2024 அக்டோபரில் மகாராஷ்டிர அரசு, தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கென்று தேவ்நார் குப்பைமேட்டு நிலத்தில் 124 ஏக்கரை ஒதுக்கியது. தாராவிக்குள் வீடு பெறத் "தகுதியில்லாதவர்" என்று தள்ளப்படுவோருக்கு அங்கே வீடு கட்டித் தருவார்களாம். நெல்லைச் சீமையிலிருந்து வந்து, தோல் பதனிட்டும், இட்லிக் கூடையைத் தலையில் சுமந்தும் இந்த நகரத்தை வளர்த்த குடும்பங்கள் தாராவியில் எத்தனை எத்தனை! யாருக்குத் தகுதி, யாருக்குத் தகுதியில்லை என்பது தனி வழக்கு. இங்கே நாம் எழுப்புவது ஒரே ஒரு கேள்வி. அந்த மண்ணில் குடியேறும் குழந்தை, அடுத்த இருபது ஆண்டுகள் சுவாசிக்கப் போகும் காற்று எப்படிப்பட்டது?

இதற்கு விடை சொல்லச் சோதிடர் தேவையில்லை. கணிப்பொறி இருக்கிறது.

காற்று மாசைக் கணிப்பொறியில் ஆராயும் முறை பெரிய மந்திரமல்ல. நகரத்தைச் சதுரங்கப் பலகைபோலக் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை லாரி ஓடுகிறது, எவ்வளவு குப்பை எரிகிறது, எந்தப் புகைபோக்கி எவ்வளவு கக்குகிறது என்று கணக்கெடுத்துக் கொடுக்கிறார்கள். காற்றின் திசை, வேகம், வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இயற்பியல், வேதியியல் விதிகளின்படி அந்தப் புகை எங்கே நகர்கிறது, எங்கே தேங்குகிறது, வெயிலில் என்னவாக மாறுகிறது என்று மணிக்கு மணி கணிப்பொறி கணக்கிடுகிறது. அந்த விடையைத் தரையிலுள்ள அளவுக் கருவிகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார்கள். இந்த முழு ஏற்பாட்டுக்குத்தான் "மாதிரி" என்று பெயர்.

இது நம் நாட்டுக்குப் புதிதுமல்ல. 2010-ல் தில்லியில் காமன்வெல்த் விளையாட்டு நடந்தபோது, புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் "சஃபர்" என்னும் காற்றுத்தர முன்னறிவிப்பைத் தொடங்கியது. 2015-ல் அது மும்பைக்கும் வந்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011-ல் வெளியிட்ட ஆறு நகர ஆய்வில் தில்லி, கான்பூர், புனே, பெங்களூரு ஆகியவற்றோடு மும்பையும் நம் சென்னையும் இருந்தன. எந்த மாசு எங்கிருந்து வருகிறது என்று கண்டறிய அன்றே மாதிரிகளைப் பயன்படுத்தினார்கள். ஆகவே, கருவியில்லை, அறிவில்லை என்று எவரும் சாக்குச் சொல்ல முடியாது.

நாளைக்குக் காற்று எப்படியிருக்கும் என்பதைவிட, பத்தாண்டு, இருபதாண்டுப் போக்கை அறிவதுதான் நமக்கு முக்கியம். அங்கேதான் மாதிரியின் உண்மையான பயன் இருக்கிறது. நாடு தழுவிய காற்றுக் கண்காணிப்பு 1984-ல்தான் தொடங்கியது. நுரையீரலின் ஆழத்துக்கே இறங்கும் 2.5 மைக்ரான் நுண்துகளுக்கு 2009-ல்தான் இந்தியாவில் வரம்பு விதித்தார்கள். அதற்கு முந்திய காலத்துக்குத் தரையில் எடுத்த அளவுகள் மிகச் சொற்பம். அந்த இடைவெளியைச் செயற்கைக்கோள் பதிவுகளையும் மாதிரியையும் சேர்த்து ஓரளவு நிரப்பலாம்.

இன்னொன்றும் உண்டு. காற்று கெட்டுப்போனால் வானிலைமீது பழிபோடுவது அதிகாரிகளுக்குப் பழக்கம். 2022-23 குளிர்காலத்தில் மும்பை மூச்சுத் திணறியது. பசிபிக் பெருங்கடலில் மூன்றாண்டுகள் தொடர்ந்து நீடித்த லா நினா என்னும் குளிர்நிலை, காற்றோட்டத்தை மாற்றியதும் ஒரு காரணம் என்று விஞ்ஞானி குஃப்ரான் பேக் முதலானோரின் ஆய்வு கூறியது. அதே குளிர்காலத்தில் தில்லிப் பக்கம் காற்று சற்றுத் தேறியிருந்தது. அந்த ஆய்வை நாம் மறுக்கவில்லை. ஆனால் வானிலையின் பங்கு எவ்வளவு, மனிதனின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட மாதிரியால் முடியும். புகையின் அளவை மாற்றாமல் வைத்து, பல ஆண்டுகளின் வானிலையை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்கலாம். பிறகு வானிலையை நிறுத்திவைத்துப் புகையை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். இரண்டையும் ஒப்பிட்டால் பழி யார் பக்கம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். காற்று தானாகக் கெடவில்லை, கெடுத்தவர் இருக்கிறார் என்று நிரூபிக்கச் சாமானியன் கையில் கிடைக்கும் ஆயுதம் இது.

ஆயுதம் யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கணிப்பொறிக்கு மனச்சாட்சி கிடையாது. கொடுத்ததைத்தான் அது கணக்கிடும். இரவில் திருட்டுத்தனமாக எரியும் குப்பை பட்டியலில் இல்லையென்றால், கணிப்பொறிக்கு அந்தப் புகையே இல்லை. கட்டத்தின் அளவிலும் சூது செய்யலாம். பத்து கிலோமீட்டர்ச் சதுரத்தை ஒரே கட்டமாக எடுத்தால் அதன் பரப்பு 100 சதுரக் கிலோமீட்டர். தேவ்நார் குப்பைமேடோ ஏறத்தாழ 311 ஏக்கர், அதாவது ஒன்றேகால் சதுரக் கிலோமீட்டர். அதன் நாற்றமும் புகையும் அந்தப் பெரிய கட்டத்தின் சராசரியில் கரைந்து காணாமல் போய்விடும். பணக்காரப் பேட்டையின் மரநிழலையும் ஏழையின் குப்பைப் புகையையும் கூட்டி வகுத்து, "பரவாயில்லை" என்று முத்திரை குத்திவிடலாம். தில்லிக்கு 400 மீட்டர்க் கட்டம் வரை இறங்கி முன்னறிவிப்புத் தர அந்தப் புனே நிறுவனத்தால் முடிந்தது. தேவ்நாருக்கு மட்டும் ஏன் முடியாது?

தேவ்நாரின் வரலாறு தெரியாததல்ல. 1927 முதல் இந்த நகரத்தின் கழிவைச் சுமந்த இடம் அது. 2016 சனவரியில் அங்கே எரிந்த தீயின் புகை வானத்திலிருந்து எடுத்த படத்திலேயே தெரிந்தது. மாநகராட்சிப் பள்ளிகளுக்கு விடுமுறை விட வேண்டிவந்தது. குப்பையை முழுக்க அகற்றிவிட்டுத்தானே கட்டப் போகிறோம் என்கிறது அரசுத் தரப்பு. சரி, அகற்ற வேண்டியது ஏறத்தாழ ஒரு கோடியே 85 லட்சம் டன். அவ்வளவையும் கிளறும்போது எழும் தூசி எவ்வளவு? அள்ளிச்செல்லும் லாரிகளின் புகை எவ்வளவு? அத்தனை ஆண்டும் பக்கத்துக் கோவண்டிக் குழந்தைகள் எதைச் சுவாசிப்பார்கள்? இவையெல்லாம் மாதிரிக்குள் இட வேண்டிய எண்கள். மூடிய குப்பைமேட்டைக் குறைந்தது 15 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளில் எழுதிவைத்தது எதற்காக? மண்ணுக்குள் ஊறும் வாயு ஒரு கட்டளையால் அடங்கிவிடாது என்பதற்காகத்தான்.

கணக்குப் பார்க்காமல் மக்களைப் பெயர்த்தால் என்னாகும் என்பதற்கு மாகுலே சாட்சி. தான்சா குடிநீர்க் குழாயோரம் வாழ்ந்தவர்களை அப்புறப்படுத்தி, ஆலைகளுக்கு அருகே அடுக்குமாடிகளில் கொண்டுபோய் அடைத்தார்கள். மக்கள் நோயில் விழுந்தார்கள், தெருவில் போராடினார்கள். கடைசியில் 2019-ல் பம்பாய் உயர்நீதிமன்றம், அங்கே வாழும்படி எவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்றது. வேறிடத்தில் குடியிருக்க மாதம் 15,000 ரூபாய் வாடகை கொடுக்கும்படி உத்தரவிட்டது. அதற்குள் போன உயிர்களுக்கு யார் வாடகை கொடுப்பது?

"எங்கள் மூக்குக்குத் தெரியாததா கணிப்பொறிக்குத் தெரியப்போகிறது?" என்று நம் நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மூக்குக்கு இன்றைய நாற்றம் தெரியும்; பத்தாண்டுக்குப் பின் வரப்போவது தெரியாது. நீதிமன்றத்தில் மூக்கு சாட்சி சொல்லவும் முடியாது. அவர்கள் எண்களோடு வரும்போது நாமும் எண்களோடு நிற்க வேண்டும்.

ஆகவே நமது கோரிக்கைகள் இவை. முதலாவதாக, தேவ்நாரில் ஒரு செங்கல் வைக்குமுன், அங்கே கட்டப்போகும் வீடுகளுக்கான இருபதாண்டுக் காற்றுக் கணக்கை, குப்பை கிளறும் காலத்தையும் சேர்த்து, சிறு கட்டங்களில் போட்டு வெளியிட வேண்டும். இரண்டாவதாக, மாதிரிக்குள் இடும் பட்டியல் ஒளிவுமறைவின்றி இருக்க வேண்டும். அதைத் தயாரிப்பதில் கோவண்டி, தேவ்நார், தாராவி மக்களின் சங்கங்களுக்கு இடம் வேண்டும். மூன்றாவதாக, கணிப்பொறியைச் சரிபார்க்க அந்த வட்டாரத்திலேயே அளவுக் கருவிகளை இப்போதே நட வேண்டும். நான்காவதாக, கணக்கையும் முடிவையும் மராத்தி, இந்தி, உருது, தமிழ் மொழிகளில் மக்கள் முன் வைக்க வேண்டும். நுண்துகளுக்கு நம் நாட்டின் ஆண்டுச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம்; உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வகுத்த அளவோ வெறும் 5. அந்தக் குறைந்தபட்ச 40-ஐயாவது தேவ்நார் வீடுகள் தாண்டாது என்று எழுதிக் கொடுக்க அரசு தயாரா?

தாராவித் தமிழர்களே! வீட்டுச் சாவியைக் காட்டிக் கையெழுத்துக் கேட்டு வருவார்கள். கையெழுத்துப் போடுமுன் இந்தக் கணக்கைக் கேளுங்கள். தனித்தனியாகக் கேட்டால் விரட்டுவார்கள். கோவண்டியின் முஸ்லிம் சகோதரர்களோடும் மராத்தித் தொழிலாளர்களோடும் சேர்ந்து நின்று கேளுங்கள். கணக்கு வெளிவரும்வரை நாமும் கேட்டுக்கொண்டே இருப்போம்.