நுரை எழும்பாததற்குத் தண்ணீரே காரணம்

சவரம் முடிந்து முகம் எரிந்தால் முதலில் பிளேடைக் குறை சொல்கிறோம், அடுத்து சோப்பை. சலூன் என்றால் கத்தி பிடித்தவரின் கையையே குறை சொல்லிவிடுகிறோம். மல்லாங்கிணறு, காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் இவற்றுக்கெல்லாம் முன்னால் விசாரிக்க வேண்டியது தண்ணீரை. இந்த வட்டாரத்தில் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்புத் தண்ணீர். அதில் பருப்பு வேகாது என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். அதே தண்ணீரில் சவர நுரையும் நிற்காது என்பதை மட்டும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வட்டச் சோப்பா, டியூப் க்ரீமா, ஸ்ப்ரேயா என்று கடையில் நின்று யோசிப்பதைவிட, எந்தத் தண்ணீரில் குழைக்கிறோம் என்று யோசிப்பதே இங்கே அதிகப் பலன் தரும் என்பது என் கருத்து.

காரணம் எளிது. உப்புத் தண்ணீர் என்று நாம் சொல்லும் கடினத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைப் பிசுக்காகிவிடுகின்றன. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அந்த 600 அளவில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ மூன்றரை கிராம் சோப்பை விழுங்கிவிடும். ஒரு சவரத்துக்கு நுரை குழைக்க 30 மில்லி போதும், அப்படியானால் வீணாவது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குதானே என்று கேட்கலாம். சோப்பு வீணாவதோடு அது நிற்பதில்லை. உண்டான பிசுக்கு நுரைக்குள்ளேயே மிதந்து குமிழிகளை உடைக்கிறது. கன்னத்தின் ஒரு பக்கம் சிரைத்து முடிப்பதற்குள் மறுபக்கம் காய்ந்துபோவது இதனால்தான். முகம் கழுவும் தண்ணீரும் பிளேடை அலசும் தண்ணீரும் அதே போர்வெல் தண்ணீர் என்றால், பிசுக்கு தோலிலும் பிளேடின் வாயிலும் படிகிறது. காய்ந்த தோலில் பிளேடு இழுபடும்போது எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

நுரை உண்டாக்கும் முறைகளும் தண்ணீரைப் பொறுத்தே பலன் தருகின்றன. நம் ஊரில் பலர் குளிக்கும் சோப்பையே தாடையில் தேய்த்துக்கொள்கிறார்கள். அதன் குமிழிகள் பெரியவை, சீக்கிரம் அமுங்கிவிடும், உப்புத் தண்ணீரில் எழும்புவதே பெரிய பாடு. சவரச் சோப்பு வேறு வகை. ஸ்டியரிக் அமிலத்தைப் பொட்டாசியம், சோடியம் காரங்களோடு சேர்த்துச் செய்வதால் அதன் நுரை பொடிக் குமிழியாக, தயிர்போலக் கெட்டியாக நிற்கும். கிண்ணத்தில் குழைத்தால் எவ்வளவு தண்ணீர் சேர்க்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரியும். சொட்டுச் சொட்டாக விட்டுப் பழகலாம். முகத்திலேயே பிரஷால் சுழற்றினால் முடி நிமிர்ந்து அடிவரை நனையும். பிரஷ் இல்லாதவர் டியூப் க்ரீமை உள்ளங்கையில் குழைத்துத் தடவினாலும் குறைவில்லை. உப்புத் தண்ணீரைத் தவிர வேறு வழியே இல்லையென்றால், சோப்பைக் கொஞ்சம் கூடுதலாக எடுப்பதும் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துத் தெளியவைப்பதும் ஓரளவு உதவும். ஓரளவுதான், ஏனென்றால் காய்ச்சினால் பைகார்பனேட் கடினம் மட்டுமே நீங்கும். சல்பேட், குளோரைடு கடினம் அப்படியே இருக்கும்.

அப்படியானால் ஸ்ப்ரே டப்பா வாங்கிவிடலாமே என்று இளைஞர்கள் கேட்பது நியாயம். டப்பாவுக்குள்ளேயே நுரைக்கான தண்ணீரும் இருப்பதால் போர்வெல் தண்ணீர் அதைத் தொடுவதில்லை. ஆனால் வெளியே வரும் நுரையில் பெரும்பகுதி வாயு. முடியை இளக்குவது தண்ணீர்தான், அதற்கு இரண்டு மூன்று நிமிடமாவது முகம் நனைந்திருக்க வேண்டும். நனைக்காத தாடியில் ஸ்ப்ரேயைப் பீய்ச்சி உடனே சிரைப்பவருக்கு வழுக்கல் கிடைக்கும், இளக்கம் கிடைக்காது. தீர்ந்த டப்பா இன்னொரு தொல்லை. அதை நிரப்பிப் பயன்படுத்த முடியாது. எரியக்கூடிய பியூட்டேன், புரொப்பேன் வாயுதான் பெரும்பாலும் அதில் அடைக்கப்படுகிறது. குப்பைக்குத் தீ வைக்கும் பழக்கமுள்ள ஊர்களில் அது வெடிக்கும். ஒரு வட்டச் சோப்பு பல மாதம் வரும், மிஞ்சுவது ஒரு காகிதமோ சின்ன டப்பியோதான்.

குடிக்கவே நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு உள்ள ஊரில் அதைச் சவரத்துக்குச் செலவழிப்பதா என்பதுதான் இருப்பதிலேயே கனமான எதிர்வாதம். அளவைப் பார்த்தால் பயம் குறையும். முகம் நனைக்க, நுரை குழைக்க, கடைசியில் ஒருமுறை துடைத்தெடுக்க எல்லாம் சேர்த்து 100 மில்லி, அதாவது அரை டம்ளர். 20 லிட்டர் ஆர்.ஓ. கேன் ஒன்று 200 முகத்துக்கு வரும். பிளேடு அலசவும் கடை கழுவவும் உப்புத் தண்ணீர் இருக்கட்டும். ஆர்.ஓ. கேனைவிட நல்லது மழைத் தண்ணீர், அதில் கடினம் அநேகமாக இல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெறும் வட்டாரம் இது. 100 சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தால், சிந்தியது போக 70 லிட்டராவது பிடிக்கலாம். 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது கூரைத் தண்ணீரை நிலத்துக்குள் இறக்கக் கற்றோம். அதில் ஒரு டிரம் அளவை மேலேயே நிறுத்திக்கொண்டால் யாருக்கும் நட்டமில்லை.

சலூன் பிரஷால் நோய் தொற்றும் என்ற அச்சத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். 1986இல் சென்னையில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்ட பிறகு பரவிய விழிப்புணர்வு ஆளுக்கொரு புது பிளேடு என்ற நல்ல வழக்கத்தைக் கொண்டுவந்தது. பிரஷோ இன்னும் பல கடைகளில் ஒரு முகத்திலிருந்து அடுத்த முகத்துக்குப் போகிறது. முதல் உலகப்போர்க் காலத்தில் சுத்தம் செய்யப்படாத குதிரைமுடிப் பிரஷ்கள் ஆந்த்ராக்ஸ் நோயைப் பரப்பின. 1920இல் பிரிட்டன் ஜப்பானியச் சவரப் பிரஷ்களின் இறக்குமதிக்கே தடை போட்டது. இன்று அந்த ஆபத்து அரிது. ஆனால் படர்தாமரையும், காய்ந்த ரத்தத்தில் ஏழு நாள் வரை தாங்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸும் அரிதல்ல. ஆகவே கடையில் நல்ல தண்ணீரில் கையால் குழைத்த க்ரீம், வீட்டில் சொந்த பிரஷ் என்பதே என் தீர்ப்பு. கடையிலும் பிரஷ்தான் வேண்டும் என்பவர் தன் பிரஷைக் கொண்டுபோகட்டும்.

காலையிலிருந்து இரவு வரை நின்று வேலை பார்க்கும் முடிதிருத்தும் தொழிலாளி, தான் செய்யாத தவறுக்கு வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்குவது நிற்க வேண்டும். கடை வைத்திருப்பவர்களே, ஐப்பசி மழைக்கு முன் கூரை ஓரத்தில் ஒரு டிரம் வையுங்கள். முதல் மழை கூரையைக் கழுவிப் போகட்டும், இரண்டாவது மழையில் பிடியுங்கள். கொசு புகாதபடி வாயைத் துணியால் கட்டி மூடுங்கள்.