இலவசக் கடைக்கு ஷரத்து எழுதுவது யார்?

எல்லையோர வியாபாரிகளும் இணையதளங்களின் மாறும் விதிகளும்

(நமது பாறசாலை நிருபர்)

பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் கடை வைத்திருக்கும் பலருக்கு இன்று இரண்டு கடைகள் உண்டு. ஒன்று சாலையோரத்தில், வாடகைக்கு. மற்றொன்று செல்போனுக்குள், வாடகையில்லாமல். முகநூல் பக்கம், யூடியூப் சேனல், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் குழு என்று பல ரூபங்களில் இந்த இரண்டாவது கடை நடக்கிறது. முதல் கடைக்கு வாடகைச் சீட்டு உண்டு, முன்பணம் உண்டு, காலி செய்யச் சொன்னால் நோட்டீஸ் உண்டு. இரண்டாவது கடைக்கு இவை எதுவும் கிடையாது. அதன் ஷரத்துகளை எழுதுவதும் மாற்றுவதும் தளத்தின் சொந்தக்காரர்களே. வியாபாரம் நன்றாக நடக்கும் வரை இது யார் கண்ணிலும் படுவதில்லை. விதி மாறிய பிறகுதான் தெரிய வருகிறது.

இது யாருக்கோ நேரும் கஷ்டம் என்று நினைக்க வேண்டாம். நெய்யாற்றின்கரை தாலுகாவில் உள்ள பாலராமபுரத்தை எடுத்துக்கொள்வோம். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மா மகாராஜா காலத்தில், உம்மிணித் தம்பியின் முயற்சியால், தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்கள் அங்கே குடியமர்த்தப்பட்டன. குழித்தறியில் நெய்யப்படும் அந்த ஊர்க் கசவுத் துணிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் அதே தோற்றமுள்ள விசைத்தறித் துணி பாதி விலைக்குத் தொங்கும்போது, எது கைத்தறி, ஏன் இந்த விலை என்று வாங்குகிறவருக்கு எடுத்துச் சொல்லியாக வேண்டும். பெரிய விளம்பரத்துக்கு வசதியில்லாத சிறு வியாபாரி அதைச் சொல்லக் கிடைத்த இடம் இந்த இலவசத் தளங்கள்தான். தறியில் ஆள் உட்கார்ந்து நெய்வதை இரண்டு நிமிஷப் படமாகப் போட்டால் மார்த்தாண்டத்தில் இருப்பவரும் பார்க்கிறார், துபாயில் இருப்பவரும் பார்க்கிறார். ஆகவே அங்கே ஒரு விதி மாறினால் அதன் அடி கடைக்காரரோடு நிற்காது; தறிக்காரர் வரை வந்து சேரும்.

என்னென்ன மாறின?

2018-ம் ஆண்டு ஜனவரியில் முகநூல் கம்பெனியின் தலைவர் மார்க் சக்கர்பெர்க் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். இனி உறவினர், நண்பர்கள் எழுதுவதற்கே முதலிடம், கடைகளும் கம்பெனிகளும் போடுவது பின்னுக்குப் போகும் என்பது அதன் சாரம். பக்கம் இருக்கும், படம் இருக்கும், பின்தொடர்பவர் எண்ணிக்கையும் அப்படியே இருக்கும். ஆனால் போட்ட செய்தி அவர்களில் சிறு பகுதியினர் கண்ணில்தான் படும். மீதிப் பேரிடம் போய்ச் சேர வேண்டுமானால் காசு கட்டி விளம்பரம் செய்ய வேண்டும்.

அதே மாதம் யூடியூபும் தன் விதியை மாற்றியது. விளம்பர வருமானத்தில் பங்கு பெற வேண்டுமானால் 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்றது. அறிவித்து ஐந்து வாரத்தில் அமலுக்கு வந்தது. அதற்கு முன் மொத்தம் 10,000 பார்வைகள் இருந்தாலே போதுமாக இருந்தது. சமையலும் விவசாயமும் சொல்லிக்கொண்டிருந்த எத்தனையோ சிறு சேனல்கள் ஒரே நாளில் வரம்புக்கு வெளியே போயின.

2020 ஜூன் 29 இரவு மத்திய சர்க்கார் டிக்டாக் உள்ளிட்ட 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. தேசப் பாதுகாப்பு அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்த ஒரே தளத்தை நம்பிக் கூட்டம் சேர்த்தவர்களுக்கு, மறுநாள் தம் வாடிக்கைக்காரர்களிடம் "இந்த இடத்துக்கு வாருங்கள்" என்று சொல்லக்கூட வழி இருக்கவில்லை.

சிறு கடைக்காரர்களை நேரடியாகத் தொட்டது 2024-ல் நடந்தது. தன் வரைபடத்தில் பெயர் பதிந்த கடைகளுக்குக் கூகுள் இலவசமாக ஓர் இணையதளம் அமைத்துக் கொடுத்து வந்தது. பெயர்ப் பலகையிலும் பில் புத்தகத்திலும் அந்த முகவரியை அச்சடித்துக் கொண்டவர்கள் உண்டு. 2024 மார்ச்சில் அந்தத் தளங்கள் எல்லாம் மூடப்பட்டன. பழைய முகவரிக்கு வருபவர்களை ஜூன் 10 வரை வரைபடப் பக்கத்துக்குத் திருப்பி விட்டார்கள். அதன்பின் அச்சடித்த முகவரி செல்லாக் காசானது.

இதெல்லாம் புதிய வியாதியுமல்ல. ஏராளமானோர் இலவசமாகப் பக்கம் அமைத்திருந்த ஜியோசிட்டீஸ் தளத்தை யாஹூ கம்பெனி 2009 அக்டோபரில் மூடியது. 2011 பிப்ரவரியில் கூகுள் தன் தேடும் முறையை மாற்றியபோது, விளம்பரக் கட்டுரைகளை இலவசமாக ஏற்றுக்கொண்டிருந்த தளங்கள் பல ஒரே வாரத்தில் சரிந்தன. இலவசக் கட்டுரைத் தளங்களில் பெயர் பெற்ற ஸ்க்விடூ 2014-ல் இன்னொரு தளத்தோடு சேர்ந்து மறைந்தது. மேல்நாட்டில் இப்படிக் கட்டுரை எழுதிப் பிழைத்தவர்கள் அன்று பட்ட பாட்டைத்தான் நம் ஊர்க் கடைக்காரர் இன்று படுகிறார்.

எல்லா மாறுதலும் அநியாயமா?

இல்லை. மூன்று வகையாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

முதல் வகை, பொது நன்மைக்காக வருவது. 2018-ல் பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் பரவி, நாட்டின் பல இடங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாது என்ற கட்டுப்பாடு இந்தியாவில் வந்தது. கடைக்காரரின் தள்ளுபடி நோட்டீசும் அதில் மாட்டியது உண்மைதான். ஆனால் உயிரைவிடத் தள்ளுபடி பெரிதல்ல. அதேபோல், பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு ஒரு சரக்கைப் புகழ்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. தவறான விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. கடைகளுக்காகப் பக்கம் நடத்தித் தரும் நம் ஊர் இளைஞர்கள் இதை அவசியம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது வகை, அரசாங்க உத்தரவால் வருவது. டிக்டாக் தடை இந்த ரகம். இதைத் தளமும் தடுக்க முடியாது, வியாபாரியும் தடுக்க முடியாது.

மூன்றாவது வகை, கம்பெனியின் வருமானத்துக்காக வருவது. முதலில் இலவசம் என்று கூட்டம் சேர்ப்பது, கூட்டம் சேர்ந்த பிறகு அதே கூட்டத்தை அடையக் காசு கேட்பது. இதில் சட்ட விரோதம் ஏதுமில்லை என்று கம்பெனிகள் சொல்லலாம். இடம் அவர்களுடையது, செலவும் அவர்களுடையது என்பதும் சரியே. ஆனால் மாறுதலுக்கு முன்னறிவிப்பு, காரணம், முறையிட ஓர் இடம் ஆகிய மூன்றும் வேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு?

ரயில்வேயில் ஒரு வண்டியின் நேரம் மாறினால் முன்கூட்டி அறிவிப்பு வருகிறது. ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் டீ விற்பவருக்கு லைசென்சும் ஒப்பந்தக் காலமும் உண்டு. இந்தத் தளங்களையும் இங்கிலீஷில் 'பிளாட்பாரம்' என்றுதான் அழைக்கிறார்கள். அங்கே விற்பவருக்கு மட்டும் ஒப்பந்தக் காலம் என்று எதுவும் இல்லை.

பாட்டக்காரருக்குச் சட்டம் வந்த கதை

பிறர் இடத்தில் பிழைப்பு நடத்துவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. சர்க்கார் நிலத்தைப் பாட்டத்துக்கு உழுதவருக்கு அந்த நிலத்தில் நிலையான உரிமை அளித்த பண்டாரப்பாட்ட விளம்பரம் 1865-ல், திவான் மாதவ ராவ் காலத்தில், திருவிதாங்கூரில் வெளிவந்தது. விளம்பரம் என்றால் அந்நாளில் ராஜாவின் பிரகடனம் என்று பொருள். தனியார் நிலத்தை உழுத குத்தகைதாரருக்கு 1970 ஜனவரி 1-ல் அமலான நிலச்சீர்திருத்தம் உரிமை தந்தது. குடிசை போட்டிருந்தவருக்குக் குடிகிடப்பு உரிமை கிடைத்ததும் அதே சட்டத்தால்தான். வாடகைக் கடைக்காரருக்கு 1965-ம் ஆண்டின் கேரளக் கட்டிட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. அது பொருந்தும் ஊர்களில் கட்டிடச் சொந்தக்காரர் நினைத்த மாத்திரத்தில் காலி செய்ய வைக்க முடியாது. இவற்றில் எதுவும் தானாக வந்ததல்ல. கேட்டவர்கள் இருந்தார்கள், வந்தது.

இணையதளக் குடித்தனக்காரருக்கு ஐரோப்பாவில் அப்படி ஒரு சட்டம் வந்துவிட்டது. 2020 ஜூலை 12 முதல், தளங்களின் மூலம் வியாபாரம் செய்பவர்களுக்கு ஷரத்து மாறுதலைக் குறைந்தது 15 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும். ஒருவருடைய கணக்கை அடியோடு முடிப்பதானால் பொதுவாக 30 நாள் முன்னதாகக் காரணத்துடன் சொல்ல வேண்டும்.

நம் நாட்டில் நிலைமை என்ன? 2021-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு தளமும் குறைதீர்ப்பு அதிகாரியை நியமிக்க வேண்டும். பெரிய தளங்கள் விதிமீறல் என்று தாமாக ஒரு பதிவை நீக்குமுன் காரணம் சொல்லி, மறுப்பதற்கு வாய்ப்பும் தர வேண்டும். அதிகாரியின் முடிவில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையம் வழியாகவே மனுச் செய்யலாம். இந்தக் குழுக்கள் 2023 மார்ச் 1 முதல் இயங்குகின்றன. இது எத்தனை வியாபாரிகளுக்குத் தெரியும்?

வாட்ஸ்அப் 2021-ல் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றி, ஒப்புக்கொள் அல்லது விலகு என்ற பாணியில் நடந்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பர் 18-ல் மெட்டா கம்பெனிக்கு ரூ. 213.14 கோடி அபராதம் விதித்தது. 2025 நவம்பரில் மேல்முறையீட்டு நடுவர் மன்றம் ஆணையத்தின் உத்தரவில் ஒரு பகுதியை நீக்கினாலும் அபராதத்தை உறுதி செய்தது. பெரிய கம்பெனி இஷ்டம்போல் ஷரத்து மாற்றுவதைக் கேள்வி கேட்க முடியும் என்பதற்கு இது நம் நாட்டு உதாரணம்.

இருந்தாலும் ஓட்டை பெரிது. பதிவை நீக்கினால் கேட்க வழியிருக்கிறது. நீக்காமல், யார் கண்ணிலும் படாமல் பின்னுக்குத் தள்ளினால் கேட்க வழியில்லை. வியாபாரியைப் பெரும்பாலும் பாதிப்பது இந்த இரண்டாவதுதான்.

கடைக்காரர் என்ன செய்யலாம்?

தளங்களை விட்டு வெளியேறுங்கள் என்று சொல்வது சுலபம். ஆனால் அது நடக்காத காரியம். வாங்குகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் மலையாளத்திலும் அந்தப் பக்கம் தமிழிலும் ஒரே கடையின் செய்தியைச் செலவில்லாமல் கொண்டுபோக வேறு சாதனமும் இல்லை. ஆகவே சந்தைக்குப் போவதுபோல் அங்கே போக வேண்டும். சந்தையில் ஆளைச் சந்திக்கலாம். கணக்குப் புத்தகத்தைச் சந்தையிலேயே விட்டுவிட்டு வரக்கூடாது.

முதலில், வாடிக்கைக்காரர்களின் பெயர், போன் நம்பர் அடங்கிய சொந்தப் பதிவேடு ஒன்று வேண்டும். அவர்கள் சம்மதம் கேட்டு எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒலிபரப்புப் பட்டியல் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கடையின் நம்பரைத் தம் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். பில் கொடுக்கும்போதே நம்பரைப் பதியச் சொல்வது நல்லது.

இரண்டாவது, பெயர்ப் பலகையிலும் பையிலும் அச்சடிக்கும் முகவரி சொந்த முகவரியாக இருக்கட்டும். ஆண்டுக் கட்டணம் கட்டி ஒரு முகவரியைக் கடையின் பெயரிலேயே பதிந்து கொண்டால், அது எந்தத் தளத்துக்கு வழி காட்ட வேண்டும் என்பதை நாமே எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பதியும்போது பக்கம் நடத்தித் தரும் பையனின் பெயரில் பதியாமல் கடைக்காரர் தம் பெயரில் பதிய வேண்டும்.

மூன்றாவது, படங்கள், எழுத்து இவற்றின் மூலப் பிரதி வீட்டில் இருக்க வேண்டும். தளத்திலிருந்து பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தால் தளம் மூடும் நாளில் கிடைக்காமல் போகலாம்.

நான்காவது, ஒரே தளத்தை நம்பக்கூடாது. போலிப் பின்தொடர்பவர்களைக் காசு கொடுத்து வாங்கவும் கூடாது. விதி இறுகும்போது முதலில் அகப்படுவது அவர்களால் ஊதிய பக்கங்களே.

தனியொரு கடைக்காரர் இவ்வளவும் படித்துக்கொண்டிருக்க முடியாது என்பது நியாயமான பேச்சு. இங்கேதான் வியாபாரிகள் சங்கங்களுக்கும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் வேலை இருக்கிறது. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது, அதுவரை அமரவிளை சோதனைச் சாவடியில் சீட்டுக் காட்டிப் பழகியவர்களுக்குப் புதிய முறையைக் கற்றுக் கொடுக்கக் கணக்கர்கள் கிடைத்தார்கள். அதுபோல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தளங்களின் மாறிய விதிகளைப் படித்து, தமிழிலும் மலையாளத்திலும் ஒரு பக்கம் எழுதிச் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்ட ஓர் ஆளை நியமித்தால் செலவு அதிகமாகாது.

அதே சங்கங்கள் நமது பாராளுமன்ற உறுப்பினர்களிடம் ஒரு கோரிக்கையும் வைக்க வேண்டும். ஐரோப்பிய வியாபாரிக்குக் கிடைக்கும் 15 நாள் நோட்டீஸ் நெய்யாற்றின்கரை வியாபாரிக்கும் கிடைக்கச் சட்டத்தில் இடம் செய்ய வேண்டும். ஒரு கடையின் பதிவைப் பின்னுக்குத் தள்ளினால் அதையும் காரணத்துடன் சொல்ல வைக்க வேண்டும். கம்பெனியும் ஒன்றே, தளமும் ஒன்றே. அங்கே கொடுக்கிற நோட்டீஸை இங்கே கொடுக்க முடியாது என்று சொல்ல அவர்களிடம் என்ன காரணம் இருக்கிறது? அதை அவர்களே சபைக்கு வந்து சொல்லட்டும்.